வாசகர் கேள்வி – பதில்: எந்த விருப்பப் பாடம்?

கேள்வி: நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் வசிக்கிறேன். பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துப் பின்னர் தாவரவியலில் பட்டம் பெற்றேன். இப்போது குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகி வருகிறேன். பட்டத்தில் படித்த தாவரவியலையே விருப்பப் பாடமாக எடுக்குமாறு அப்பா சொல்கிறார். கோயம்புத்தூரில் பயிற்சி பெறும் சித்தப்பா மகனோ, மானிடவியலில்தான் மதிப்பெண் எளிதாகக் கிடைக்கும் என்கிறான். எனக்குப் பள்ளி நாள் முதல் சங்கப் பாடல்களில் ஈடுபாடு உண்டு. ஆனால், தமிழில் பட்டம் பெறாதவர் தமிழ் இலக்கியத்தை எடுக்க முடியாது என்றும், எடுத்தால் எல்லாத் தாள்களையும் தமிழிலேயே எழுத வேண்டியிருக்கும் என்றும் சொல்கிறார்கள். நான் எதைத் தேர்ந்தெடுப்பது?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: தங்களிடம் சொல்லப்பட்ட இரண்டு செய்திகளும் தவறானவை. 2013-இல் தேர்வுமுறை மாற்றப்பட்டபோது, ஒரு மொழியின் இலக்கியத்தை முதன்மைப் பாடமாகப் படித்துப் பட்டம் பெற்றவர்தான் அதை விருப்பப் பாடமாக எடுக்கலாம் என்ற நிபந்தனை அறிவிக்கப்பட்டது உண்மை. எதிர்ப்பு எழுந்ததால் அது அந்த ஆண்டிலேயே கைவிடப்பட்டது. இன்று எந்தப் பட்டதாரியும் தமிழ் இலக்கியத்தை எடுக்கலாம். அந்த இரண்டு தாள்களை மட்டும் தமிழில் எழுதிவிட்டு, கட்டுரைத் தாளையும் நான்கு பொதுப் பாடத் தாள்களையும் ஆங்கிலத்தில் எழுதவும் விதி இடம் தருகிறது.

முதன்மைத் தேர்வில் தரவரிசைக்குச் சேரும் 1750 மதிப்பெண்களில் 500 விருப்பப் பாடத்துக்குரியவை. பொதுப் பாடங்களில் போட்டியாளர்களுக்கிடையே வேறுபாடு பெரும்பாலும் சிறிதாகவே இருக்கும் என்பதால், இந்த 500-இல் கிடைப்பதே பலருடைய இடத்தை முடிவு செய்துவிடுகிறது. ஆகவே, ‘எது எளிது’ என்ற பொதுக் கேள்வியைவிட, ஓராண்டுக்கும் மேலாக எதைச் சலிப்பின்றித் திரும்பத் திரும்பப் படித்து எழுதிப் பார்க்கத் தங்களால் முடியும் என்ற கேள்வியே முக்கியமானது.

மானிடவியலைத் தங்கள் தம்பி பரிந்துரைப்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதன் பாடத்திட்டம் ஓரளவு சுருக்கமானது. உடல்சார் மானிடவியல் பகுதியில் வரும் மரபியல், தாவரவியல் படித்த தங்களுக்குப் புதிதாக இராது. இரண்டாம் தாள் இந்தியப் பழங்குடிகளைப் பற்றி விரிவாகக் கேட்கிறது. அட்டப்பாடியின் இருளர், முடுகர், குறும்பர் ஆகியோரும் பரம்பிக்குளத்தின் காடரும் தங்கள் மாவட்டத்திலேயே வாழ்கிறார்கள். ஆனாலும், பக்கத்தில் வாழ்கிறோம் என்பது பாடத்தைக் கற்றுவிட்டதாக ஆகாது. பிறர் அதில் மதிப்பெண் பெற்றார்கள் என்பது மட்டுமே காரணமாக இருந்தால், முதல் சறுக்கலிலேயே பாடத்தை மாற்றும் எண்ணம் வந்துவிடும். பாடத்தை மாற்றுவது பல மாத உழைப்பைக் கைவிடுவதற்குச் சமம்.

தாவரவியலை அப்பா விரும்புவதற்கு அவர் சொல்லாத ஒரு வலுவான காரணமும் இருக்கிறது. இந்திய வனப்பணிக்கான முதனிலைத் தேர்வும் குடிமைப் பணித் தேர்வின் முதனிலையும் ஒன்றே. வனப்பணி முதன்மைத் தேர்விலோ இரண்டு விருப்பப் பாடங்கள் எழுத வேண்டும். அந்தப் பட்டியலில் தாவரவியல் உண்டு. தமிழ் இலக்கியமும் மானிடவியலும் இல்லை. நெல்லியாம்பதியையும் பரம்பிக்குளத்தையும் அருகில் வைத்துக்கொண்டு வளர்ந்த தங்களுக்கு வனப்பணியிலும் உண்மையான நாட்டம் இருக்குமானால், தாவரவியலை எடுங்கள்; ஒரே உழைப்பு இரண்டு தேர்வுகளுக்கும் பயன்படும்.

அந்த நாட்டம் இல்லையென்றால், என் பரிந்துரை தமிழ் இலக்கியமே. காரணம், தங்கள் கடிதத்தில் மற்ற இரண்டு பாடங்களும் பிறர் சொன்னவையாக வருகின்றன. இது ஒன்றுதான் தங்கள் சொந்த விருப்பமாக வருகிறது. பாட நூல்களும் வரையறுக்கப்பட்டவை. குறுந்தொகையின் முதல் 25 பாடல்கள், புறநானூற்றில் 182 முதல் 200 வரை, சிலப்பதிகாரத்தில் மதுரைக் காண்டம், கம்பராமாயணத்தில் கும்பகருணன் வதைப் படலம், திருப்பாவை என்று எல்லை தெளிவாக இருக்கிறது. பொதுப் பாடங்களுக்கு இது உதவாது என்ற குறையை முழுமையாக ஏற்க மாட்டேன். புறநானூற்று 184-ஆம் பாடலில் பிசிராந்தையார், காய்நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் சிறு நிலமும் யானைக்குப் பல நாள் உணவாகும், யானை தானே புகுந்தால் உண்பதைவிட மிதிபடுவதே மிகுதி என்று பாண்டியனுக்கு வரி கொள்ளும் முறையை உணர்த்துகிறார். திருக்குறளின் பொருட்பாலோடு இதையும் ஊன்றிப் படித்தவர், பொதுப் பாடங்களில் ஒன்றான அறவியல் தாளிலும் கட்டுரைத் தாளிலும் சொந்தச் சிந்தனையோடு எழுத முடியும்.

ஒரு கவனம் மட்டும் வேண்டும். முதல் தாளின் மொழி வரலாற்றுப் பகுதியில் திராவிட மொழிகளிடையே தமிழின் இடம் பற்றிய கேள்விகள் வரும். அங்கே மலையாளமும் அறிந்திருப்பது தங்களுக்குத் துணையாகும். அதே பழக்கம், எழுதும்போது மலையாளச் சொல்லையும் தொடரமைப்பையும் நாமறியாமல் கொண்டுவந்துவிடும். எல்லைப் பகுதி மாணவர்களின் விடைகளில் சந்திப் பிழைகளையும் நான் அடிக்கடி காண்கிறேன். நாள்தோறும் ஒரு விடையாவது கையால் எழுதி, தமிழாசிரியர் ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

முடிவெடுப்பதற்கு முன், தேர்வாணைய இணையதளத்திலிருந்து மூன்று பாடங்களின் பழைய வினாத்தாள்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தாளிலும் எட்டு வினாக்களில் ஐந்துக்கு மூன்று மணி நேரத்தில் விடை எழுத வேண்டும். முதலாவதும் ஐந்தாவதும் கட்டாயம். ஒவ்வொரு பாடத்திலும் இரண்டு வினாக்களுக்காவது, சில வாரம் படித்த பின் எழுதிப் பாருங்கள். இலக்கியத்தை ரசிப்பது வேறு, பாடலின் சூழலையும் நயத்தையும் விளக்கித் திறனாய்வாக எழுதுவது வேறு என்பது அப்போது தெரியவரும்; அதன் பிறகும் தமிழே தங்களை ஈர்த்தால் தயங்காதீர்கள்.

கேள்வி: பொதுப் பாடங்களைத் தமிழில் எழுத விரும்புகிறேன். விருப்பப் பாடம் புவியியல். அதற்கு நல்ல நூல்கள் ஆங்கிலத்தில்தான் கிடைக்கின்றன. ஒரே தேர்வில் இரண்டு மொழிகள் அனுமதிக்கப்படுமா?
– வாசகர், மூணாறு

பதில்: அனுமதி உண்டு. கட்டுரையையும் பொதுப் பாடங்களையும் தமிழில் எழுதுபவர், விருப்பப் பாடத் தாள்களை ஆங்கிலத்தில் எழுதலாம். தமிழில் எழுதும் தாள்களில் கலைச்சொற்களுக்கு மட்டும் ஆங்கிலச் சொல்லை அடைப்புக்குறிக்குள் தரலாம். இலக்கியத் தாள்கள் தவிர மற்றவற்றில் வினாக்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அச்சிடப்படுவதால், வினாவைப் பிழையின்றிப் புரிந்துகொள்ளும் ஆங்கிலப் பயிற்சி எப்படியும் தேவை. புவியியலில் இந்திய வரைபட வினாவுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். நிலச்சரிவு பற்றி எழுத நேர்ந்தால், 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் நேர்ந்த பேரிழப்பை, மலையின் சாய்வு, மழை, மண், குடியிருப்பின் அமைவிடம் ஆகியவற்றோடு இணைத்து விளக்குங்கள்.

கேள்வி: கேரள நிர்வாகப் பணிக்கும் தமிழ்நாட்டின் குரூப் 1 தேர்வுக்கும் பொதுவாகப் பயன்படும் விருப்பப் பாடம் எது?
– வாசகர், வேலந்தாவளம்

பதில்: இரண்டிலும் விருப்பப் பாடமே கிடையாது, முதன்மைத் தேர்வு பொதுத் தாள்களைக் கொண்டே நடக்கிறது. குரூப் 1-இல் பத்தாம் வகுப்புத் தரத்தில் தமிழ்த் தகுதித் தாள் ஒன்று உண்டு. அதில் தேறினால்தான் மற்ற விடைத்தாள்கள் திருத்தப்படும்.