கல்லூரி விக்கியில் எதை எழுதுவது, எப்படி எழுதுவது?

கேள்வி: "அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் மூன்றாம் ஆண்டு ஈசிஇ படிக்கிறேன். எங்கள் சீனியர்கள் கல்லூரி வாழ்க்கை பற்றி ஒரு விக்கி (பலர் சேர்ந்து எழுதித் திருத்தும் இணையதளம்) தொடங்கினார்கள். அவர்கள் படிப்பு முடிந்து போய்விட்டார்கள், பாதிப் பக்கங்கள் வெறும் தலைப்போடு நிற்கின்றன. நானும் இரண்டு தோழிகளும் அதில் எழுதலாம் என்று இருக்கிறோம். எதில் தொடங்குவது? தமிழில் எழுதலாமா? ஆசிரியர்கள் பற்றி எழுதினால் பிரச்சினை வருமா? நாங்கள் எழுதியதை யாராவது அழித்துவிட்டால் என்ன செய்வது?"

பதில்: முதல் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்லப் போகிறேன். அது பிடிபட்டுவிட்டால் மற்றவை பாதி தீர்ந்துவிடும்.

கல்லூரிக்கு வந்த பிறகு யாரையாவது கேட்டுத்தான் உங்களுக்குத் தெரிந்தது என்று எவையெல்லாம் இருக்கின்றனவோ, அவற்றை மூன்று பேரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். அதுதான் உங்கள் விக்கியின் பொருளடக்கம். கல்லூரி எந்த ஆண்டு தொடங்கியது, எத்தனை ஏக்கர், எத்தனை துறை என்பதெல்லாம் கல்லூரியின் இணையதளத்திலேயே கிடக்கிறது, அதை மறுபடி எழுதி நேரத்தைப் போக்க வேண்டாம். அட்டெண்டன்ஸ் குறைந்தால் யாரைப் போய்ப் பார்ப்பது, ரிசல்ட்டில் மார்க் குறைந்திருந்தால் அடுத்த நாள் என்ன செய்வது, லேப் ரெக்கார்டில் எத்தனை கையெழுத்து இல்லாவிட்டால் பிராக்டிகலுக்கு உள்ளே விடமாட்டார்கள், இந்த மாதிரி விஷயங்கள் எங்கேயும் எழுதப்படாமல் வாய் வழியாகவே ஓடிக்கொண்டிருக்கின்றன. ஹாஸ்டலில் இருப்பவருக்கு இரவு ஒன்பது மணிக்குப் பக்கத்து அறை சீனியரிடமிருந்து அது தானாகவே வந்துவிடும். காலையில் இருட்டோடு கிளம்பி காலேஜ் பஸ் ஏறி, சாயங்காலம் அதே பஸ்ஸில் வீடு திரும்பும் மாணவிக்கு, அதுவும் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குள் கால் வைத்தவர் என்றால், கேட்பதற்கு ஆளே கிடையாது. அவர் காதுக்கு விஷயம் வரும்போது கடைசித் தேதி முடிந்திருக்கும். அவரை மனதில் வைத்து எழுதுங்கள். எந்தப் பக்கம் முக்கியம், எது அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், எவ்வளவு விவரம் வேண்டும் என்ற சந்தேகம் வரும்போதெல்லாம், கேட்பதற்கு ஆள் இல்லாத அந்த ஒருவருக்கு இது உதவுமா என்று பாருங்கள்.

ஒரு உதாரணம் காட்டுகிறேன். பெரும்பாலான மாணவர் விக்கிகளில் போனஃபைட் சான்றிதழ் (இந்தக் கல்லூரியில் படிக்கிறார் என்று கல்லூரி தரும் சான்று) பற்றி "ஆபீஸில் விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளலாம்" என்று ஒரு வரி இருக்கும். இது தெரியாதவர் யாரும் இல்லை. தெரியாதது வேறு: விண்ணப்பம் அச்சடித்த படிவமா, வெள்ளைத் தாளில் எழுதித் தர வேண்டுமா? கிளாஸ் அட்வைசர் கையெழுத்து முதலில், ஹெச்ஓடி (துறைத் தலைவர்) கையெழுத்து அடுத்து, அதன் பிறகுதான் ஆபீஸா? கல்விக் கடன், பாஸ்போர்ட், ரயில் சீசன் டிக்கெட், ஸ்காலர்ஷிப் என்று எதற்காகக் கேட்கிறோம் என்பதைத் தாளில் குறிப்பிட வேண்டுமா? கடனுக்குக் கேட்டால் வருடாவருடம் கட்ட வேண்டிய கட்டண விவரத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டுமா, இல்லாவிட்டால் பேங்கில் திருப்பி அனுப்புவார்களா? கவுன்டர் எத்தனை மணி வரை, கைக்கு வர எத்தனை நாள்? இவ்வளவையும் ஐந்தாறு வரியில் எழுதிவிடலாம். கடைசியில் "2025 ஜூலையில் நான் வாங்கியபோது இப்படி இருந்தது" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் அது முழுமையான பக்கம். அவ்வளவு போதும், அலங்காரம் தேவையே இல்லை.

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். மாணவர் விக்கிக்குப் பெரிய ஆபத்து காலாவதியான தகவல்தான். உங்கள் பல்கலைக்கழகத்திலேயே நடந்த விஷயத்தைப் பாருங்கள். 2017 விதிமுறையில் தியரி பாடத்துக்கு இன்டர்னல் (கல்லூரியிலேயே போடும் மார்க்) 20, செமஸ்டர் தேர்வு 80. 2021 விதிமுறையில் அது 40, 60 என்று மாறியது. பழைய விதிமுறையில் படித்த அண்ணன் ஒருவர் "இன்டர்னலைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே, செமஸ்டரில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லியிருந்தால், அவர் பொய் சொல்லவில்லை, அவர் காலத்தில் அது சரி. அதையே தேதி இல்லாமல் ஒரு பக்கத்தில் எழுதி வைத்துவிட்டால், படித்து நம்பும் ஜூனியர் முதல் செமஸ்டரிலேயே அடி வாங்குவார். ஆகவே தேர்வு, மார்க், அட்டெண்டன்ஸ் பற்றிய ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் எந்த விதிமுறை, எந்த பேட்ச் என்று போடுங்கள். உங்கள் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரியாக மாறினால் மாறிய வருடத்தையும் போடுங்கள், ஏனென்றால் அங்கிருந்து விதிமுறை கல்லூரியுடையது, பல்கலைக்கழகத்துடையது அப்படியே பொருந்தாது. கட்டணத் தொகைகளைப் பக்கத்தில் எழுதுவதைவிட, அந்த செமஸ்டர் சுற்றறிக்கை எங்கே ஒட்டியிருக்கும், எங்கே தேடுவது என்று எழுதுவது நல்லது. தொகை மாறும், இடம் அவ்வளவு சீக்கிரம் மாறாது.

என்னைக் கேட்டால் ரீவேல்யுவேஷன் (விடைத்தாள் மறுமதிப்பீடு) பக்கத்தில் தொடங்குவேன். ரிசல்ட் வந்த இரவு கல்லூரியே அதைத்தான் தேடும். நேராக ரீவேல்யுவேஷனுக்குப் பணம் கட்டிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். 2021 விதிமுறைப்படி முதலில் விடைத்தாளின் போட்டோகாபிக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதைப் பாடம் தெரிந்த ஆசிரியர் ஒருவர் திருத்திப் பார்த்துப் பரிந்துரைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் ரீவேல்யுவேஷன், அதிலும் திருப்தி இல்லையென்றால் ரிவியூ. எல்லாம் கல்லூரி வழியாகத்தான் போக வேண்டும், ஒவ்வொன்றுக்கும் கடைசித் தேதி உண்டு. பிராக்டிகலுக்கு ரீவேல்யுவேஷன் கிடையாது. இதை வரிசையாக எழுதி, உங்கள் கல்லூரியில் எக்ஸாம் செல் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது, லீவு நாளில் ரிசல்ட் வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று சேர்த்தாலே, அந்த ஒரு பக்கத்துக்காக நூறு பேர் விக்கிக்கு வருவார்கள், அதில் இரண்டு பேர் எழுதவும் ஆரம்பிப்பார்கள்.

அடுத்தது அட்டெண்டன்ஸ். 75 சதவீதம் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். 65க்கும் 75க்கும் நடுவில் இருந்து, காரணம் உடல்நலம் என்றால், மருத்துவச் சான்றிதழ் கொடுத்து கண்டோனேஷன் (அட்டெண்டன்ஸ் குறைவுக்கு விலக்கு) கேட்கலாம் என்பது பலருக்கு செமஸ்டர் கடைசியில்தான் தெரிய வருகிறது. காய்ச்சலில் படுத்திருந்தபோதே சான்றிதழ் வாங்கி வைக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதி வையுங்கள்.

உதவித்தொகை பக்கத்துக்கு ஒரு மாலையை முழுதாக ஒதுக்குங்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை, அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் (2022-இல் வந்தது), மாணவர்களுக்கு 2024-இல் வந்த தமிழ்ப் புதல்வன், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு என்று நான்கையும் பலர் ஒன்றோடு ஒன்று போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று வாங்கினால் மற்றது கிடைக்காதோ என்ற பயத்தில் விண்ணப்பிக்காமல் விடுபவர்களும் இருக்கிறார்கள். உங்கள் கல்லூரியில் இதைக் கவனிக்கும் நோடல் அலுவலர் யார், எந்த நாளில் பார்க்கலாம், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு இல்லாமல் பணம் நின்றுபோன ஒருவர் அதை எப்படிச் சரிசெய்தார் என்று உண்மையில் பணம் வாங்கும் நாலு பேரைக் கேட்டு எழுதுங்கள். இது ஒரு குடும்பத்தின் மாதக் கணக்கு சம்பந்தப்பட்ட விஷயம், அதனால் கேள்விப்பட்டதை எழுதவே கூடாது.

விக்கிப்பீடியாவில் எழுதிப் பழகியவர்கள் இங்கே ஒரு இடத்தில் தடுமாறுவார்கள். அங்கே சொந்த அனுபவத்துக்கு இடமில்லை, எல்லாவற்றுக்கும் சான்று வேண்டும். கல்லூரி விக்கிக்கு உங்கள் அனுபவம்தான் முதல். அதனாலேயே நேர்மை முழுக்க உங்கள் பொறுப்பு: நானே செய்தது, தோழி செய்தது, சுற்றறிக்கையில் இருப்பது, பேச்சில் கேட்டது என்று எது எப்படித் தெரியும் என்பதை வாசிப்பவருக்குச் சொல்லிவிடுங்கள்.

கல்லூரி கேட்டுக்கு வெளியே இருப்பதையும் சேருங்கள். இதில் எனக்குப் பிடித்த உதாரணம் டேவிஸ் விக்கி. கலிபோர்னியாவில் டேவிஸ் என்ற ஊரில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் பிலிப் நியூஸ்ட்ரம், மைக் இவானோவ் என்ற இரண்டு மாணவர்கள் 2004-இல் தொடங்கியது. கேம்பஸோடு நிற்காமல் ஊரில் எங்கே சாப்பாடு நன்றாக இருக்கும், எங்கே வாடகைக்கு வீடு எடுக்கலாம், சைக்கிள் எங்கே ரிப்பேர் செய்வது என்று எழுதினார்கள், ஊர்க்காரர்களும் உள்ளே வந்து எழுத ஆரம்பித்தார்கள். மாணவர்கள் நாலு வருடத்தில் போய்விடுவார்கள், ஊர்க்காரர்கள் அங்கேயேதான் இருப்பார்கள், அதனால் அந்த விக்கிக்கு எழுதும் கைகள் வற்றவில்லை. 2010-இல் நைட் அறக்கட்டளை 3,50,000 டாலர் கொடுத்தது, லோக்கல்விக்கி என்ற பெயரில் மற்ற ஊர்களுக்கும் அது பரவியது. நம் நாட்டிலும் ஐஐடி கரக்பூர் மாணவர்கள் மெட்டாகேஜிபி என்று ஒரு விக்கி நடத்துகிறார்கள். உங்கள் கல்லூரி நெடுஞ்சாலை ஓரம் என்றால் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, எந்த பஸ் ஸ்டாப்பில் நிற்காமல் போய்விடும், ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு பைண்டிங் எந்தக் கடையில் ஒரே நாளில் கிடைக்கும் என்பதெல்லாம் பாடத்துக்குச் சமமான தகவல்தான்.

தமிழில் எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக எழுதுங்கள், எழுத வேண்டும் என்றே சொல்வேன். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வருபவருக்கு முதல் செமஸ்டரில் பாடத்தையே ஆங்கிலத்தில் மல்லுக்கட்டிப் படிக்க வேண்டியிருக்கிறது, விதிமுறையையாவது நிம்மதியாகப் படிக்கட்டும். அரியர், ஹால் டிக்கெட், இன்டர்னல் என்று நீங்கள் பேசும் சொற்களையே போடுங்கள், அகராதியைப் புரட்டித் தூய சொல் தேட வேண்டாம், தேடுபவர் அந்தச் சொல்லைத் தட்டமாட்டார். படிவத்தில் இருக்கும் ஆங்கிலத் தலைப்புகளை மட்டும் அச்சில் இருக்கிறபடியே ஆங்கிலத்தில் கொடுங்கள், நிரப்பும்போது அவர் கண் அதைத்தான் தேடும். போனஃபைட், போனபைட், ஆங்கில எழுத்தில் ஒன்று என்று எப்படித் தேடினாலும் அதே பக்கம் வரும்படி வழிமாற்றுப் பக்கங்கள் (திறந்தால் தானாகவே சரியான பக்கத்துக்குக் கொண்டுபோகும் பக்கங்கள்) போட்டுவிடுங்கள். இரண்டு நிமிட வேலை, பலரும் செய்வதில்லை.

ஆசிரியர்கள் பற்றி: பாடத்தைப் பற்றி எழுதுங்கள், ஆளைப் பற்றி வேண்டாம். எந்த யூனிட் கடினம், அசைன்மென்ட் எப்படி வரும், வினாத்தாளில் பார்ட் சி பகுதியின் 15 மார்க் கேள்வி பெரும்பாலும் எந்த யூனிட்டிலிருந்து வருகிறது, லைப்ரரியில் எந்தப் புத்தகம் உதவும், இது யாரையும் புண்படுத்தாது, மாணவருக்கும் வேண்டியது இதுதான். "இந்த சார் வேண்டுமென்றே மார்க் குறைப்பார்" என்று பெயர் போட்டு எழுதினால், நிரூபிக்க முடியாத பட்சத்தில் அது அவதூறு. பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 356-ஆம் பிரிவில் அது குற்றம், புனைபெயரில் எழுதினாலும் தப்பிக்க முடியாது. பாராட்டியும் பெயர் போடாதீர்கள், அடுத்தவரை ஏன் விட்டார்கள் என்ற கேள்வி வரும். வார்டன், வாட்ச்மேன், பஸ் டிரைவர் ஆகியோரின் சொந்த செல் நம்பரும் வேண்டாம்.

உண்மையிலேயே ஒருவர் தவறாக நடந்திருந்தால்? விக்கி அதற்கான இடம் இல்லை, ஆனால் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் இடம் கட்டாயம் விக்கிதான். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் தொல்லை பற்றிய புகாரைக் கல்லூரியின் உள்ளகக் குழுவிடம் (இத்தகைய புகார்களை விசாரிக்கும் குழு) மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் தர வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். குழுவில் யார் இருக்கிறார்கள், எப்படி அணுகுவது என்று கல்லூரி வெளியிட்டிருப்பதை அப்படியே எடுத்துப் போடுங்கள். ராகிங்குக்கு தேசிய உதவி எண் 1800-180-5522, எந்நேரமும் அழைக்கலாம். தமிழ்நாட்டில் 1997-இலிருந்தே ராகிங்குக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. இந்த இரண்டு பக்கங்களுக்கும் முதல் பக்கத்தில் மேலேயே இணைப்புக் கொடுங்கள், தேடிக் கண்டுபிடிக்கும் நிலையில் யாரும் வரமாட்டார்கள்.

காப்புரிமையையும் கவனியுங்கள். லோக்கல் ஆத்தர் புத்தகத்தின் (தேர்வுக்கென்றே உள்ளூர் ஆசிரியர்கள் எழுதும் புத்தகத்தின்) இரண்டு மார்க் கேள்வி பதில் பகுதியை ஸ்கேன் செய்து ஏற்றச் சொல்லிக் கேட்பார்கள். மறுத்துவிடுங்கள். நீங்களே எழுதிய நோட்ஸ் என்றால் தாராளமாக ஏற்றலாம். விக்கிக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் நீங்கள் எழுதுவதைப் பெயர் குறிப்பிட்டு மற்றவர்களும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று சம்மதித்துத்தான் எழுதுகிறீர்கள்.

எழுதியதை அழித்துவிட்டால் பயப்படவே வேண்டாம். பல விக்கிகள் ஓடும் மீடியாவிக்கி என்ற மென்பொருளில் ஒவ்வொரு மாற்றமும் "வரலாறு" பகுதியில் இருக்கும், இரண்டு சொடுக்கில் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். ஆனால் உடனே மீட்டுவிடாதீர்கள். முதலில் தொகுப்புச் சுருக்கத்தில் (மாற்றத்தைச் சேமிக்கும்போது எழுதும் குறிப்பில்) காரணம் ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள், இல்லையென்றால் பேச்சுப் பக்கத்தில் கேளுங்கள். பல நேரம் அவருக்கு வேறு பேட்ச், வேறு துறை, அவர் அனுபவம் வேறாக இருந்திருக்கும். அப்போது இரண்டையும் துறை, வருடம் போட்டு அடுத்தடுத்து வைத்துவிட்டால் பக்கம் இன்னும் பலமாகும். கணக்கு ஒன்று தொடங்கியே எழுதுங்கள், பயனர் பெயரில் ரோல் நம்பர் வேண்டாம். கணக்கில்லாமல் எழுதினால் பல விக்கிகளில் உங்கள் ஐபி முகவரி எல்லோர் கண்ணிலும் படும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். விக்கியின் நிர்வாகி கடவுச்சொல் இப்போது யாரிடம் இருக்கிறது, டொமைன் யாருடைய மெயிலில் பதிவாகியிருக்கிறது, எப்போது புதுப்பிக்க வேண்டும் என்று போய்விட்ட அந்த சீனியர்களை இந்த வாரமே கேளுங்கள். அவர்கள் வேலைக்குப் போய் நம்பரை மாற்றிவிட்டால் நீங்கள் எழுதுவது எல்லாம் ஒரு நாள் திறக்காமல் போகும். கைக்கு வந்ததும் எல்லாப் பக்கங்களையும் ஏற்றுமதி செய்து ஒரு பிரதி எடுத்து வையுங்கள். அப்புறம் இரண்டாம் ஆண்டில் இரண்டு பேரை, ஒருவர் ஹாஸ்டல், ஒருவர் டே ஸ்காலர் என்று பார்த்துப் பிடித்து, இப்போதே நிர்வாகிகளாக்குங்கள். நீங்கள் நாலாவது வருடம் பிளேஸ்மென்ட், ப்ராஜெக்ட் என்று ஓடும்போது விக்கியைப் பார்க்க நேரம் இருக்காது.