அரிய ஆங்கிலச் சொற்கள்: பொருளும் ஒலிப்பும்

கேள்வி: மழை மணத்தைக் குறிக்கும் சொல்லைச் சிலர் ‘பெட்ரிச்சோர்’ என்றும் சிலர் ‘பெட்ரிகோர்’ என்றும் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: ‘பெட்ரிகோர்’ என்பதே சரி, அழுத்தம் முதல் அசையில் விழும். கிரேக்க வேர் கொண்ட சொற்களில் சி, எச் இரண்டும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் ககர ஒலியே வரும் என்பதற்குக் ‘கெமிஸ்ட்ரி’ போதிய சான்று. 1964இல் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்னும் ஆஸ்திரேலிய அறிவியலாளர்கள், கல்லைக் குறிக்கும் ‘பெட்ரா’வையும் கிரேக்கத் தெய்வங்களின் நாளங்களில் ஓடுவதாகக் கருதப்பட்ட ‘இகோர்’ என்னும் நீர்மத்தின் பெயரையும் இணைத்து, நேச்சர் இதழில் வெளியிட்ட தங்கள் கட்டுரையில் இச்சொல்லை வழங்கினார்கள். காய்ந்த நிலத்தில் மழை விழும்போது எழும் மணம் மட்டுமே இதன் பொருள். ஒரு கதையில் வட்டாரத் தன்மை ததும்புகிறது என்பதற்கு நாம் ‘மண்வாசனை’ என்கிறோமே, அங்கே இதைப் போட்டால் நகைப்புக்கு இடமாகும்.

கேள்வி: உணவுப் பொருள்களைக் குறிக்கும் ‘விக்டுவல்ஸ்’ என்ற சொல்லை அகராதி வேறு விதமாக ஒலிக்கச் சொல்கிறதே?

பதில்: ஆம், ‘விட்டில்ஸ்’ என்றே ஒலிக்க வேண்டும். பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் சி என்னும் எழுத்தே இல்லை. மூலமான லத்தீனில் அது இருந்ததைக் கண்ட அறிஞர்கள் பின்னாளில் எழுத்தில் மட்டும் அதைச் செருகினார்கள். மக்களின் நாக்கு அதைப் பொருட்படுத்தவில்லை. குற்றஞ்சாட்டுதலைக் குறிக்கும் ‘இன்டைட்’ என்ற சொல்லில் சி ஊமையாக நிற்பதும் இதே கதைதான்.

கேள்வி: ‘போட்ஸ்வெயின்’ என்றால் யார்?

பதில்: கப்பலின் மேல்தளப் பணிகளையும் கயிறு முதலிய கருவிகளையும் கண்காணிக்கும் மாலுமி. ஒலிப்பு ‘போசன்’. கப்பலின் முன்பகுதியான ‘ஃபோர்காஸில்’ மாலுமிகளின் வாயில் ‘ஃபோக்ஸில்’ என்று தேய்ந்தது.

கேள்வி: அகராதியில் இருந்தால் ஒரு சொல் உண்மையானது என்று நம்பலாமா?

பதில்: பெரும்பாலும் நம்பலாம், எனினும் ‘டோர்ட்’ என்ற சொல்லை மறக்க வேண்டாம். பெரிய டி, சிறிய டி இரண்டுமே அடர்த்தியின் சுருக்கக் குறியாகலாம் என்பதற்காக, இடையில் ‘அல்லது’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லை இட்டு எழுதிய குறிப்பொன்று ஒரே சொல்லாக வாசிக்கப்பட்டு, 1934ஆம் ஆண்டு வெப்ஸ்டர் அகராதியில் ‘அடர்த்தி’ என்ற பொருளுடன் அச்சேறிவிட்டது. சொற்பிறப்புக் குறிப்பு இல்லாததைக் கவனித்த ஆசிரியர் ஒருவர் 1939இல் பிழையைக் கண்டுபிடித்தார். அதனால்தான், அறியாத சொல்லைச் சந்தித்தால் பொருளோடு வேரையும் பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

கேள்வி: ‘அனிகட்’ என்பது ஆங்கிலச் சொல்லா?

பதில்: ஆங்கில அகராதிகளில் இடம்பெற்ற நம் ‘அணைக்கட்டு’ அது. கல்லணையைப் பொறியாளர்கள் ‘கிராண்ட் அனிகட்’ என்று எழுதினார்கள். ஆங்கிலத்தில் அழுத்தம் முதல் அசைக்கு. தமிழில் எழுதும்போது அணைக்கட்டு என்றே எழுதிவிடலாம்.