ஒரு சுருள் சிவப்பு வயர்

பழைய காரை ஸ்போர்ட்ஸ் காராக்குவது, ரேஸுக்குப் பிரித்த காரை மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவருவது என்று ஒரே மாதிரியான கடிதங்கள் மேஜையில் சேர்ந்துவிட்டன. மிக்ஸியும் ஃப்ரிட்ஜும் அடுத்த வாரம் வரை காத்திருக்கட்டும். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். வசவுகளையும் எடுத்துவிட்டேன், அவற்றில் சில நன்றாகவே இருந்தன.

கேள்வி: சான் ஸ்டார்ம் டூ சீட்டர் ஒன்று வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் ரேஸுக்காக வைப்பர், இண்டிகேட்டர் எல்லாவற்றையும் பிடுங்கியிருந்தார். ரோட்டில் ஓட்டும்படி முழு வயரிங்கும் புதிதாகப் போட 45,000 ரூபாய் கொடுத்தேன். இப்போது பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது. ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. "ஃபைபர் பாடி சார், அப்படித்தான் இருக்கும்" என்கிறார் பட்டறைக்காரர். பில் தரவில்லை. எல்லா வயரும் சிவப்பாக வேறு இருக்கிறது. — லாஸ்பேட்டை வாசகர்

பதில்: அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்துத்தான் மீதியை மறைக்கிறார்.

சான் ஸ்டார்ம் கோவாவில் தயாரான கார். ரெனோவின் 1149 சிசி இன்ஜின், மேலே ஃபைபர் கிளாஸ் பாடி. தகர பாடி உள்ள காரில் பல்புக்கு ஒரு வயர் இழுத்தால் போதும், திரும்பிப் போகிற கரண்டுக்கு பாடியே வழி. ஃபைபரில் கரண்ட் போகாது. அதனால் ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக எர்த் வயர் இழுக்க வேண்டும். சேஸிஸில் பெயின்டைச் சுரண்டிய இடத்தில் அதை போல்ட் போட்டு முடுக்க வேண்டும். அங்கிருந்து பேட்டரி மைனஸுக்கும் இன்ஜினுக்கும் தடித்த எர்த் கேபிள் போக வேண்டும். எர்த் சரியில்லாவிட்டால் பிரேக் லைட்டின் கரண்ட் பக்கத்து பல்பு வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகும். உங்கள் இண்டிகேட்டர் மங்கலாக எரிவது அதனால்தான். டெம்பரேச்சர் முள் ஏறுவதற்கும் பெரும்பாலும் அதே காரணம். ரேடியேட்டரைக் கழற்ற யாரையும் விடாதீர்கள்.

நீங்களே பார்க்கலாம். மல்டிமீட்டரில் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறுமுனையை விளக்கின் எர்த்திலும் வைத்து, விளக்கைப் போடுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. ஒரு வோல்ட் காட்டினால் அந்த மீட்டரை அப்படியே ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், பிறகு உதவும்.

இனி அந்தச் சிவப்பு வயர். எங்கள் வீட்டில் இதைப் பேச எனக்குத் தடை இருக்கிறது, இங்கே இல்லை. நம் ஊர்களில் முழு வயரிங் என்றால் கடையில் ஒரு சுருள் வயர் வாங்குவார்கள். அன்று எந்த நிறம் இருக்கிறதோ அதுதான் ஹார்னுக்கும், ஃபேனுக்கும், பெட்ரோல் பம்புக்கும். போட்டவருக்கு எது எங்கே போகிறது என்று ஒரு வாரம் நினைவிருக்கும். என்னிடம் ஒரு பிரீமியர் பத்மினி இருந்தது. ஆசைப்பட்டு ட்வின் ஹார்ன், ஃபாக் லைட், எலக்ட்ரிக் ஃபேன் எல்லாம் போட்டு, வயரிங் முழுவதையும் மாற்றினேன். எல்லாம் சிவப்பு. பேட்டரியிலிருந்து ஃபேனுக்குப் போன வயரில் ஃபியூஸே இல்லை. ஒரு மழை நாளில் கடலூர் ரோட்டில் ரெட்டிச்சாவடி பக்கத்தில் டேஷ்போர்டிலிருந்து புகை வந்தது. பேட்டரி டெர்மினலைக் கழற்ற ஸ்பேனர்கூட இல்லாமல் துண்டைச் சுற்றிப் பிடித்து இழுத்தேன். அடுத்த எலக்ட்ரீஷியன் அரை நாள் தேடிப் பார்த்துவிட்டு, "இதைக் கண்டுபிடிக்கிற கூலிக்குப் புதிதாகவே போட்டுவிடலாம்" என்றார். ஆக, ஒரே வயரிங்குக்கு இரண்டு முறை பணம் கொடுத்தவன் நான்.

ஃபியூஸ் காப்பாற்றுவது பல்பை அல்ல, வயரை. அதனால்தான் அது பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பத்து ஆம்பியர் சிவப்பு, பதினைந்து நீலம், இருபது மஞ்சள், முப்பது பச்சை. அடிக்கடி போகிறதே என்று சிவப்பைப் பிடுங்கிப் பச்சையைச் செருகினால் அடுத்த முறை எரிவது வயர்தான். வயரை முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் நம் கடல் காற்றில் இரண்டு மழைக்காலம் தாங்கினால் அதிகம். இன்ஜின் சூட்டில் டேப்பின் பசை இளகும், உள்ளே செம்பு பச்சை பூத்துவிடும். வயர் நுனியில் லக் என்ற உலோகத் துண்டை வைத்து நசுக்கி இறுக்கி, மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுவதற்குக் கூடுதலாக ஆகும் செலவு நீங்கள் கொடுத்த 45,000 ரூபாயில் ஒரு மூலைக்கு வராது.

கடைசியாகப் பில். பொருளுக்கோ சேவைக்கோ பில் தராமல் இருப்பதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. "ஜிஎஸ்டி வேண்டுமா சார்?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்களே, அந்தச் சிரிப்புக்கு நாம் பல வருஷமாகத் தலையாட்டி வருகிறோம். நானும் ஆட்டியிருக்கிறேன். நீங்கள் செய்ய வேண்டியது: குறைகளை எழுதி, எர்த்தைச் சரிசெய்து, எந்த வயர் எந்த ஃபியூஸ் வழியாக எங்கே போகிறது என்று வரைந்து தரும்படி பதினைந்து நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பில் இல்லாவிட்டாலும் போனில் பணம் அனுப்பிய ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் சாட்சிதான். எதையும் அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: ஓபிடி சாக்கெட்டில் (மெக்கானிக் காரின் கம்ப்யூட்டரைப் படிக்கச் செருகும் இடம்) செருகினால் 35 சதவீதம் பவர் கூடும் என்று ஒரு சிப் 799 ரூபாய்க்கு ஆன்லைனில் வருகிறது. வாங்கலாமா? — அரியாங்குப்பம் வாசகர்

பதில்: வேண்டாம். நான் வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டேன். உள்ளே மூன்று எல்இடி, அவற்றை மின்ன வைக்க ஒரு சில்லு. நன்றாக மின்னியது.

கேள்வி: காரை 28,000 ரூபாய்க்கு ரீமேப் செய்தேன், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரில் உள்ள கணக்கை மாற்றி எழுதினார்கள். பிக்கப் பிரமாதம். ஆனால் கேப்பர் மலை ஏறும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இன்ஜினில் சில்லறை குலுக்குவதுபோல் சத்தம். "பெட்ரோல் சரியில்லை, போகப் போகச் சரியாகிவிடும்" என்கிறார்கள். — மஞ்சக்குப்பம் வாசகர்

பதில்: போகப் போகச் சரியாகாது, போகப் போக பிஸ்டன் போகும். அந்தச் சத்தத்துக்கு நாக்கிங் என்று பெயர். ஸ்பார்க்கிலிருந்து கிளம்பிய தீ போய்ச் சேருவதற்குள் மீதிப் பெட்ரோல் தானாகவே வெடிக்கிறது. ஸ்பார்க்கை அளவுக்கு மீறி முன்னால் தள்ளியிருப்பார்கள், அல்லது முழு ஆக்சிலரேட்டரில் பெட்ரோல் குறைவாகப் போகிறது, அல்லது இரண்டும். சரிசெய்யும்வரை அழுத்தி ஓட்டாதீர்கள்.

பெட்ரோல் மேல் பழியைப் போடுகிறாரே, அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. எத்தனால் கலக்காத பெட்ரோல் ஒரு கிலோவுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று கணக்கு. 20 சதவீதம் எத்தனால் கலந்த இப்போதைய பெட்ரோலுக்கு அது 13.5 பக்கம் வந்துவிடும். நிதானமாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சார் இதைப் பார்த்துச் சரிக்கட்டிவிடும். முழு அழுத்தத்தில் கம்பெனி சென்சாரால் முடியாது; அங்கே ரீமேப் செய்தவர் எழுதி வைத்த எண்தான் சட்டம். எங்கோ ஒரு ஊரில் வேறு பெட்ரோலுக்கு எழுதிய ஃபைலை இறக்கி உங்கள் ஈசிஎம்மில் (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) ஏற்றியிருந்தால் இப்படித்தான் ஆகும். பெட்ரோல் மாறியது தெரிந்து எழுதத்தான் அவருக்கு 28,000.

அவரிடம் இரண்டு கேளுங்கள். ஒன்று, காற்று-பெட்ரோல் கணக்கை முழு அழுத்தத்திலும் அளக்கும் வைட்பேண்ட் சென்சார் வைத்து, டைனோவிலோ (காரை நின்ற இடத்திலேயே உருளைமேல் ஓட்டிப் பார்க்கும் மேடை) ரோட்டிலோ ஓட்டிப் பதிவு செய்த லாக். அது இல்லையென்றால் அவர் டியூன் செய்யவில்லை, காப்பி அடித்தார். இரண்டு, உங்கள் காரின் ஒரிஜினல் ஃபைல். புதியதை ஏற்றுமுன் பழையதைப் படித்துச் சேமிப்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். "அது இல்லை சார்" என்றால் சேவைக் குறைபாட்டுக்கு வேறு சாட்சி தேட வேண்டாம்.

கேள்வி: இன்ஜின் மாற்றிய பழைய செடான், செம ஸ்பீடு. வீடியோவில் பார்த்து 3.2 லட்சம் முழுப் பணமும் அனுப்பி எடுத்தேன். ஆர்சியில் உள்ள இன்ஜின் நம்பரும் வண்டியில் உள்ளதும் வேறு. பெயர் மாற்ற மறுக்கிறார்கள். விற்றவர் போனை எடுப்பதில்லை. நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா? — காலாப்பட்டு வாசகர்

பதில்: பண்ருட்டியில் முந்நூறு ரூபாய்ப் பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்காமல் யாரும் வாங்குவதில்லை. நீங்கள் மூன்று லட்சத்தை வீடியோவில் வாங்கியிருக்கிறீர்கள். பானெட்டைத் திறந்து இன்ஜின் நம்பரை ஆர்சியோடு ஒப்பிட ஐந்து நிமிஷம். அதைச் செய்யாமல் என்னிடம் கேட்டு என்ன?

சரி. விற்றவர் வியாபாரி இல்லை, தனிநபர் என்றால் நுகர்வோர் ஆணையம் இதை எடுக்காது. தெரிந்தே மறைத்தார் என்று காட்ட முடிந்தால் போலீஸ் புகார், பணம் திரும்ப வேண்டுமென்றால் சிவில் வழக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி இன்ஜின் மாற்றினால் அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்ற வேண்டும். அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அந்த இன்ஜின் எங்கிருந்து வந்தது என்பதற்கு விற்றவரிடம் பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். திருட்டு வண்டி இன்ஜினாக இருந்தால் உங்கள் தலைவலி வேறு அளவு. காரை அதுவரை வெளியே எடுக்க வேண்டாம்.

கேள்வி: ஈசிஆரில் இரவு ஓட்ட 100/90 வாட் பல்பு (ஹை பீமில் 100, லோ பீமில் 90) போடலாமா? ரிலே வைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். — கோட்டக்குப்பம் வாசகர்

பதில்: பெரிய கரண்ட் ஸ்விட்ச் வழியாகப் போகாதபடி ரிலே உங்கள் ஸ்விட்சைக் காப்பாற்றும். எதிரே வருபவர் கண்ணைக் காப்பாற்றாது. சட்டமும் அதற்கு இடம் தரவில்லை. கம்பெனி போட்ட 60/55 போதும், மஞ்சள் அடித்த ஹெட்லைட் கண்ணாடியை பாலிஷ் போடுங்கள்.

கேள்வி: புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் போட்டிருக்கிறேன். புகைச் சான்றிதழ் மட்டும் தெரிந்த இடத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். பிரச்சினை வருமா? — தவளக்குப்பம் வாசகர்

பதில்: வரட்டும்.

கேள்வி: மகன் முதல் சம்பளத்தில் சேர்த்த பணத்தில், பழைய கார் விற்கும் கடையில் ஒரு கார் வாங்கிக் கொடுத்தான். "தண்ணீர் பார்க்காத வண்டி" என்றார்கள். நான்கு மாதத்தில் பவர் விண்டோ நின்றது, ஏர்பேக் விளக்கு அணையவில்லை, இப்போது ஈசிஎம் போய்விட்டது. பிரித்தால் கார்பெட்டுக்கு அடியில் சேறு. "பார்த்துத்தானே எடுத்தீர்கள், வேண்டுமானால் பாதிச் செலவில் வயரிங் மாற்றித் தருகிறோம்" என்கிறார்கள். — நெல்லித்தோப்பு வாசகி

பதில்: அம்மா, இதில் உங்கள் மகன் மேல் ஒரு தப்பும் இல்லை. கார்பெட்டைக் கிழித்துப் பார்த்து யாரும் கார் வாங்குவதில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து நம் ஊரை மூழ்கடித்த பிறகு, அப்படி மூழ்கிய கார்கள் எத்தனையோ வாசனைத் திரவியம் அடித்து சந்தைக்கு வந்தன. தண்ணீர் வயருக்குள் உடனே வேலை காட்டாது. கனெக்டர் பின்களில் பச்சை பூத்து, ஒவ்வொன்றாகத் தொடர்பு விடும். அதற்கு மூன்று நான்கு மாதம் ஆகும். கடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்காது.

பாதிச் செலவு பேரத்துக்குச் சம்மதிக்காதீர்கள். அவர்கள் வயரிங்கைக் கழற்றிய நிமிஷம் உங்கள் சாட்சி குப்பைக்குப் போகும். இப்போது இருக்கிற நிலையிலேயே சேறு, சீட் போல்ட்டின் துரு, கனெக்டர்கள் எல்லாவற்றையும் படம் எடுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், தண்ணீர் நின்ற கோடு அங்கே இருக்கும். அதைக் கழுவ யாருக்கும் தோன்றுவதில்லை. உரிமம் பெற்ற வாகன சர்வேயர் ஒருவரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். பழைய உரிமையாளர் வெள்ளச் சேதத்துக்கு இன்சூரன்ஸ் வாங்கியிருக்கிறாரா என்று இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கேட்டு எழுதுங்கள்.

விற்றது கடை என்பதால் நுகர்வோர் ஆணையம் உங்களுக்கு உண்டு. "பார்த்துத்தானே எடுத்தீர்கள்" என்பது மறைத்து விற்றவருக்குப் பதில் ஆகாது. பதிவு செய்த வண்டிகளை வாங்கி விற்பவர்கள் 2023 ஏப்ரல் முதல் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரச் சான்று வைத்திருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். புகாரை மகன் பெயரிலேயே போடுங்கள், பணம் அவருடையது. எழுதுவதில் சிரமம் இருந்தால் எனக்கு நகல் அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.

கேள்வி: டர்போ போடக் கொடுத்த கார் ஏழு மாதமாகப் பட்டறையில் நிற்கிறது. முன்பணம் ஒன்றரை லட்சம். வேலை முடியவில்லை, இன்னும் 80,000 தந்தால்தான் காரைத் தருவாராம். — திருப்பாதிரிப்புலியூர் வாசகர்

பதில்: இந்திய ஒப்பந்தச் சட்டம் 170ஆம் பிரிவு, செய்து முடித்த வேலையின் கூலி வரும்வரை பொருளைப் பிடித்துவைக்கப் பட்டறைக்காரருக்கு உரிமை தருகிறது. பேசியபடி, நியாயமான காலத்தில் செய்த வேலைக்கு மட்டும். ஏழு மாதமாகத் திறந்து கிடக்கிற இன்ஜினுக்கு அந்த உரிமை பொருந்தாது. வாங்கிய பாகங்களின் பில்லையும் முடித்த வேலையின் பட்டியலையும் எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் காரைத் திரும்ப ஒப்படைக்க ஆணையத்திடமே இடைக்கால உத்தரவு கேட்கலாம். இன்னொரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

கேள்வி: கடலூரில்தான் வீடு. வரி குறைவு என்று புதுச்சேரி முகவரியில் பிஒய் நம்பரில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறேன். மூன்று வருஷமாக யாரும் கேட்கவில்லை. மாற்ற வேண்டுமா? — செம்மண்டலம் வாசகர்

பதில்: பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே பதிவு மாற்ற வேண்டும். புதுச்சேரி எல்லையான முள்ளோடை தாண்டி வந்து பெட்ரோல் மட்டும் போட்டுக்கொண்டு போங்கள், யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை.