எருமைக்கு ஏன் வியர்ப்பதில்லை?

கேள்வி: இரண்டு கலப்பினப் பசுக்களும் ஓர் எருமையும் வைத்திருக்கிறேன். மூன்றுக்கும் ஒரே தகரக் கொட்டகைதான். வெயில் காலத்தில் மத்தியானம் எனக்குச் சட்டை நனைந்துவிடுகிறது, மாடுகளின் உடம்பிலோ சொட்டு வியர்வை தெரிவதில்லை. மூக்கு நுனியில் மட்டும் நீர் முத்து முத்தாக நிற்கிறது. எருமை வாயைத் திறந்து இரைக்கிறது. வியர்வைச் சுரப்பி அடைத்துக்கொண்டதா? வியர்க்க வைக்க ஊசி போடலாமா? உப்புக் கொடுத்தால் சரியாகுமா?

பதில்: ஊசி வேண்டாம். சுரப்பைத் தூண்டும் மருந்துகள் வியர்வையோடு நிற்பதில்லை, உமிழ்நீரையும் குடலையும் சேர்த்துத் தூண்டிவிடும். ஏற்கெனவே நீர் இழந்து இரைக்கிற மாட்டுக்கு அது ஆபத்து. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சுரப்பி அடைத்ததாகவும் தெரியவில்லை. எருமையின் தோல் அமைப்பே அப்படித்தான்.

வியர்வைச் சுரப்பி என்பது தோலுக்குள் புதைந்த ஒரு நுண்ணிய குழாய். அதன் அடிப்பகுதியைச் சுற்றி மெல்லிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. உடம்பின் சூடு ஏறியதும் மூளையிலிருந்து நரம்பு வழியாகத் தூண்டல் வரும். சுரப்பி ரத்தத்திலிருந்து நீரையும் உப்புகளையும் எடுத்துத் தோலின் மேல் விடும். உடம்பு குளிர்வது அந்த நீர் ஆவியாகும்போதுதான். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் தோலிலேயே ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பம் உடம்பை விட்டுப் போகும். சொட்டிக் கீழே விழுந்துவிட்டால் அந்தப் பலன் இல்லை. காற்று ஓடாத புழுக்கமான கொட்டகையில் ஈரம் இருந்தும் உடம்பு ஆறாததற்குக் காரணம் இதுதான்.

மனிதருக்கு உடம்பெங்கும் 20 முதல் 40 லட்சம் சுரப்பிகள் உண்டு. பெரும்பாலானவை முடியோடு தொடர்பில்லாமல் நேராகத் தோலின் மேல் திறக்கின்றன. மாட்டில் ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஒரு சுரப்பி ஒட்டியிருக்கும், வியர்வை மயிர்க்கால் வழியாகவே வெளியே வரும். வெளிவரும் அளவும் நம்மைவிட மிகக் குறைவு. அதனால் முடிக்குள்ளேயே பரவிக் காய்ந்துவிடுகிறது. பசுவின் கழுத்திலோ விலாவிலோ முடியை எதிர்ப்புறமாக நீவிவிட்டு உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், பிசுபிசுப்பு தெரியும். பசுவுக்கு வியர்க்கிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. திமில் உள்ள இனங்களுக்குச் சுரப்பிகள் பெரிதாகவும் நெருக்கமாகவும் தோலின் மேற்பரப்புக்குக் கிட்டவும் இருக்கும். குளிர்நாட்டு ரத்தம் அதிகம் ஏறிய கலப்பினம் அந்த அளவுக்கு வெயில் தாங்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

மூக்கு நுனியில் நிற்கும் நீரை வியர்வைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது மூக்குக்கும் மேலுதட்டுக்கும் உரிய தனிச் சுரப்பிகளின் நீர். நலமாக உள்ள மாட்டுக்கு அது எப்போதும் இருக்கும். காய்ச்சல் கண்டால் காய்ந்துபோகும். உங்கள் மாடுகளின் மூக்கு ஈரமாக இருப்பது நல்ல செய்தி.

இப்போது எருமைக்கு வருவோம், உங்கள் முதல் கவலை அதுவாகத்தான் இருக்க வேண்டும். அதன் தோலில் உள்ள வியர்வைச் சுரப்பிகளின் நெருக்கம் பசுவில் இருப்பதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். மயிர்க்கால்களே குறைவு, அதனால் சுரப்பிகளும் குறைவு. பிறந்த பிறகு இந்த எண்ணிக்கை கூடாது, எந்தத் தீவனமும் மருந்தும் கூட்டவும் முடியாது. போதாக்குறைக்குத் தோல் கறுப்பு, மேலே முடி மறைப்பும் இல்லை, வெயிலை அப்படியே வாங்கிக்கொள்ளும். ஆனால் அதே தோலில் ரத்தக் குழாய்கள் ஏராளம். நிழலும் நீரும் கிடைத்தால் உள்சூட்டைப் பசுவைவிட வேகமாக இறக்கிவிடும். எருமை குட்டையைத் தேடிப் போவதைச் சோம்பல் என்று சொல்லி ஓட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனது கேட்பதில்லை. தோல் சுரக்காத நீரை அது குட்டையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. சேற்றைப் பூசிக்கொண்டால் அந்த ஈரம் இன்னும் நெடுநேரம் நிற்கும். பன்றியும் இதையேதான் செய்கிறது, அதன் வியர்வைச் சுரப்பிகள் சூடு தணிக்க உதவுவதில்லை. கோழிக்கு வியர்வைச் சுரப்பியே கிடையாது, கடும் வெயிலில் இரைப்புதான் முக்கிய வழி.

குட்டை இல்லையென்றால் கொட்டகையிலேயே செய்யலாம். ஹோஸ் பைப்பால் முதுகும் விலாவும் தோல்வரை நனைய ஊற்றுங்கள். மேல்முடியில் பனிபோல் நிற்கும் தூறல் போதாது. அப்புறம் நீரை நிறுத்திவிட்டு மின்விசிறியைப் போடுங்கள், உடம்பு காய்ந்ததும் மறுபடி நனையுங்கள். காற்றில்லாமல் நீரை மட்டும் தெளித்துக்கொண்டே இருந்தால் கொட்டகை புழுங்கி நிலைமை மோசமாகும். பக்கங்களை அடைத்திருந்தால் திறந்துவிடுங்கள். தகரத்தின் மேல் ஓலையோ வைக்கோலோ பரப்புங்கள்.

உப்பைப் பற்றிக் கேட்டீர்கள். மனித வியர்வையில் சோடியம் முதன்மை, மாட்டு வியர்வையில் பொட்டாசியம்தான் அதிகம். பசுந்தீவனத்தில் பொட்டாசியம் நிறைய உண்டு, அதைக் குறைக்காதீர்கள். வாயில் எச்சில் ஒழுகினால் சோடியமும் போகும். அதனால் அடர்தீவனத்தில் தாது உப்புக் கலவையும் கொஞ்சம் சமையல் உப்பும் சேர்ப்பது சரிதான். குடிநீர் தாராளமாக இல்லாமல் உப்பை மட்டும் கூட்டக் கூடாது. தொட்டி நிழலில் இருக்கட்டும், நாள் முழுக்க நிறைந்திருக்கட்டும். தீவனம் செரிக்கும்போது வயிற்றுக்குள்ளும் வெப்பம் பிறக்கும், ஆகவே பெரும்பங்கு தீவனத்தை விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் வையுங்கள்.

தினமும் மத்தியானம் விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 60-ஐத் தாண்டினால் சூடு உறைக்கிறது என்று பொருள். 80-ஐத் தாண்டினால் உடனே நனைக்க வேண்டும். உங்கள் எருமை வாயைத் திறந்தே இரைப்பதால் எண்ணிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே நனைக்கத் தொடங்குங்கள். நனைத்து, நிழலில் காற்று பட ஒரு மணி நேரம் நின்றும் இரைப்பு தணியாவிட்டால் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

மூன்றில் ஏதாவது ஒன்றுக்கு முன்பு கோமாரி வந்து ஆறியிருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. கோமாரியிலிருந்து தேறிய சில மாடுகள், குறிப்பாகக் கலப்பினங்கள், அதன் பிறகு வெயில் தாங்காமல் இரைக்கும், முடியும் நீளமாக, முரடாக வளரும். அப்படி இருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அந்த மாட்டை வெயில் ஏறுவதற்கு முன்பே நிழலில் கட்டிவிடுங்கள்.