காஷ்மீர் கார்ப்பெட் வாங்கறதுக்கு முன்னாடி திருப்பிப் போட்டுப் பாருங்க

ஸ்ரீநகர் டூர் போற வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "4க்கு 6 அடில ஒரு கார்ப்பெட் வாங்கலாம்னு இருக்கேன், எல்லா கடைலயும் கையால நெய்ஞ்சது, சுத்தப் பட்டுன்னுதான் சொல்லுவாங்களாம், நம்மளா எப்படி கண்டுபிடிக்கறது?"

சார், மேல் பக்கத்தோட பளபளப்ப பாக்காதீங்க, முதல்ல திருப்பிப் போடச் சொல்லுங்க. கையால முடிச்சு போட்டதுன்னா மேல இருக்கற பூ, கொடி எல்லாம் பின்னாடியும் அப்படியே தெளிவா தெரியும், வரிசை அங்கங்க லேசா கோணியிருக்கும். ரூலர் வச்சு கோடு போட்ட மாதிரி இருந்தா மெஷின். பின்னாடி துணி ஒட்டியிருந்தா அது டஃப்டட், துணில நூலைக் குத்தி பசை போட்டு ஒட்டறது, சில வருஷத்துல பசை காஞ்சு பொடிப்பொடியா உதிரும். குஞ்சத்தையும் பாருங்க, அசல்ல அது பாவு நூலோட, அதாவது தறில நீளவாக்குல இழுத்துக் கட்டற நூலோட, நுனியேதான், தனியா தச்சிருந்தா வேண்டாம்.

முடிச்சுன்னா என்னன்னு தெரிஞ்சுட்டா பாதி குழப்பம் போயிடும். கார்ப்பெட்ட மடக்கி மேல இருக்கற நூலை விரலால விலக்கினா அடில பாவு நூலை சுத்தியிருக்கற முடிச்சு தெரியும். இந்த வேலை எவ்வளவு பழசுன்னா, 1949ல சைபீரியாவோட அல்தாய் மலைல பசிரிக்ங்கற இடத்துல பனி உறைஞ்ச ஒரு கல்லறைலருந்து ஒரு கம்பளம் எடுத்தாங்க, கிட்டத்தட்ட 2,400 வருஷப் பழசு, ஓரத்துல குதிரைவீரர்களும் மான்களும் வரிசையா போகும், 10 செ.மீ. சதுரத்துல சுமார் 3,600 முடிச்சு! இப்போ பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் மியூசியத்துல இருக்கு. காஷ்மீருக்கு இந்தக் கலை 15ம் நூற்றாண்டுல சுல்தான் ஜைனுல் ஆபிதீன் பாரசீகம், மத்திய ஆசியாவுலருந்து ஆளுங்கள வரவழைச்சப்ப வந்துச்சுன்னு சொல்வாங்க. அங்க டிசைனை படமா பாத்து நெய்யறதில்ல, 'தாலிம்'னு ஒரு குறியீட்டுச் சீட்டு, எந்தக் கலர்ல எத்தனை முடிச்சுன்னு அதுல இருக்கும், தறில உக்காந்து அதைப் படிச்சுப் படிச்சே முடிச்சு போடுவாங்க, எனக்கு இன்னிக்கும் பிரமிப்பா இருக்கற விஷயம் இது.

இப்ப விலைக்கு வருவோம். பின்பக்கம் ஸ்கேல் வச்சு ஒரு அங்குலத்துக்கு நீளவாக்குல, அகலவாக்குல எத்தனை முடிச்சுன்னு எண்ணுங்க. 18க்கு 18ன்னா சதுர அங்குலத்துக்கு 324. உங்க 4க்கு 6ல மொத்தம் 11 லட்சத்துக்கு மேல வரும், ஒருத்தர் ஒரு நாளைக்கு 6,000 போட்டாலும் ஆறு மாசத்துக்கு மேல ஆகும், அப்போ அடிமாட்டு விலைக்கு குடுக்கறேன்னா யோசிங்க.

பட்டான்னு பாக்க மேல்பக்கத்துலருந்து ரெண்டு இழை கேட்டு வாங்கி வெளில வச்சு கொளுத்துங்க, முடி கருகற வாடை வந்து சாம்பல் நொறுங்கினா பட்டு, பேப்பர் எரியற வாடைன்னா விஸ்கோஸ், அதாவது மரக்கூழ்லருந்து செய்யற செயற்கைப் பட்டு. குஞ்சத்துலருந்து மட்டும் எடுக்காதீங்க, பட்டு கார்ப்பெட்லயே பாவு நூல் பெரும்பாலும் பருத்திதான். கம்பளியும் முடி வாடைதான் அடிக்கும், அதைத் தொட்டுப் பாத்தே தெரிஞ்சுக்கலாம். ஈர வெள்ளைத் துணியால தேச்சும் பாருங்க, சாயம் ஒட்டினா விட்டுடுங்க. காஷ்மீர் கார்ப்பெட்டுக்கு புவிசார் குறியீடு இருக்கு, க்யூஆர் கோட் லேபிள் இருக்கான்னு கேளுங்க, பில்லுல கைமுடிச்சு, மேல பட்டு, பாவு பருத்தி, முடிச்சு எண்ணிக்கை எல்லாம் எழுதி வாங்கிட்டு அப்புறம் பணம் குடுங்க.