அடிபட்டது தொடையில், கன்றியது முழங்காலில்

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. நான்கு நாட்களுக்கு முன் கால்பந்து ஆடும்போது எதிரணிப் பையனின் முழங்கால் இவன் தொடையில் இடித்துவிட்டது. அன்று வீக்கம் மட்டுமே இருந்தது. இப்போது அடியே படாத முழங்கால் பக்கம் கருநீலமாகக் கன்றியிருக்கிறது. எண்ணெய் போட்டு அழுத்தி நீவினால் ரத்தக்கட்டு கலைந்துவிடும் என்கிறார் என் மாமியார். செய்யலாமா, டாக்டர்?

பதில்: முதலில் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து உள்ளே வையுங்கள், அம்மா.

வெளியே தோல் கிழியாவிட்டாலும், வந்து மோதிய முழங்காலுக்கும் தொடை எலும்புக்கும் நடுவே சிக்கிய தசை நசுங்கியிருக்கிறது. உடைந்த நுண்குழாய்களிலிருந்து கசிந்த ரத்தம் தசைகளின் இடைவெளி வழியாகக் கீழே இறங்கித்தான் முழங்காலில் நிறம் காட்டுகிறது. அது பச்சையாகி, மஞ்சளாகி, தானே மறையும். நிறமே காட்டாமல் உள்ளுக்குள் தேங்கி இறுகும் ரத்தக்கட்டுதான் என்னைக் கவலைப்பட வைக்கும்.

நீவுவதைப் பற்றி எனக்குச் சொந்தக் கதையே உண்டு. கல்லூரி நாட்களில் இதே அடியை வாங்கினேன். மறுநாளே பெரியவர் ஒருவர் கட்டை விரலால் உருவித் தள்ளினார். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். நான்காவது வாரம் தொடைக்குள் கோலிக்குண்டு போல ஏதோ தட்டுப்பட்டது. எக்ஸ்ரே எடுத்தால், தசைக்குள் எலும்பு வளர்ந்திருந்தது! பலத்த அடியால் மட்டுமே அப்படி நேரலாம்தான். ஆனால் புதுக் காயத்தை நசுக்குவது அந்த ஆபத்தைக் கூட்டும். அன்று நான் மருத்துவ மாணவன் என்பதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம், தினமும் மூன்று நான்கு முறை வையுங்கள். சுடு ஒத்தடம் இப்போதைக்கு வேண்டாம். பையனைக் குப்புறப் படுக்க வைத்து, அவனாகவே முழங்காலை மடக்கச் சொல்லுங்கள். நீங்கள் பிடித்து அழுத்தக் கூடாது. 90 பாகையைத் தாண்டி மடங்கினால் காயம் லேசானது. பாதி தூரம்கூட வரவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அடிபடாத கால் அளவுக்கு மடங்கி, வலியின்றி ஓட முடிகிறவரை மைதானம் பக்கம் விடாதீர்கள்.

தொடை கல்லாக இறுகி, மாத்திரைக்கும் அடங்காத வலியோ பாதத்தில் மரத்துப்போன உணர்வோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள். உள்ளே அழுத்தம் ஏறிவிட்டால் சில மணி நேரத்திலேயே தசை செத்துப்போகும்.

மாமியார் சும்மா இருக்க மாட்டார் என்றால், பனிக்கட்டி வைக்கும் வேலையை அவரிடமே கொடுங்கள்.