சிங்கப்பூரில் காணாமல் போன தாத்தா: பெயரை எங்கே தேடுவது?

கேள்வி: என் அம்மாவின் அப்பா இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்தார். 1941-இல் மலாயா போனவர் திரும்பவே இல்லை. ஜப்பான்காரர்களிடம் கைதியாக இருந்தார் என்று ஒரு பேச்சு உண்டு. அவருக்குக் கல்லறை இருக்குமா? இறந்த நாள் தெரியாததால் திதிகூடக் கொடுக்க முடியவில்லை என்று அம்மா வருத்தப்படுகிறார்.

பதில்: கல்லறை இருக்க வாய்ப்பு குறைவுதான். ஆனால் பெயர் ஏதாவது ஒரு கல்லில் இருக்கலாம்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தபோது சுமார் 40,000 இந்தியச் சிப்பாய்கள் கைதானார்கள். ஒரு பகுதியினர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். சேராதவர்களில் பலரை நியூ கினி பக்கம் வேலைக்குக் கொண்டு போனார்கள். அங்கே இறந்த இந்தியர்கள் சிலருக்கு லே, ரபவுல் போர்க் கல்லறைத் தோட்டங்களில் இடம் உண்டு. கல்லறையே இல்லாத 24,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவகத் தூண்களில் இருக்கின்றன. அதன் பின்னால் தகனம் செய்யப்பட்டவர்களுக்கென்று தனி நினைவிடம் ஒன்று இருக்கிறது. அதில் உள்ளவர்கள் பெரும்பாலும் இந்தியப் படையினர்.

இவை எல்லாவற்றையும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். நம் ஆட்கள் சறுக்குவது எழுத்துக்கூட்டலில்தான். முனுசாமி என்ற பெயரை ஒரு குமாஸ்தா ஒரு மாதிரியும் அடுத்தவர் வேறு மாதிரியும் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். அதனால் முழுப்பெயரை அடிக்காதீர்கள். இனிஷியலை விட்டுவிட்டு, குடும்பப்பெயர் கட்டத்தில் பெயரின் முதல் சில எழுத்துகளை மட்டும் போட்டு, இந்தியப் படை என்று தேர்ந்தெடுங்கள். தேதியையும் இறுக்கிப் பிடிக்க வேண்டாம். 1947 கடைசி வரை இறந்தவர்களை ஆணையம் கணக்கில் எடுத்திருக்கிறது. பதிவில் தகப்பன் பெயரும் ஊரும் இருந்தால் அடையாளம் உறுதி. தூண் எண்ணும் அங்கேயே இருக்கும், குறித்துக்கொள்ளுங்கள்.

இதைவிட நிச்சயமான வழி படை எண். பாட்டி குடும்ப பென்ஷன் வாங்கியிருந்தால் அந்தப் புத்தகத்தில் இருக்கும். பழைய டிரங்குப் பெட்டியில் கிடக்கும் ராணுவத் தபால்களையும் ஒருமுறை புரட்டுங்கள். எண் கிடைத்தால் அந்தப் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுதலாம்: மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் (ராணுவப் பொறியியல் பிரிவு) என்றால் பெங்களூரு. இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்திருப்பாரோ என்ற சந்தேகம் இருந்தால், டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தையும் கேட்டுப் பாருங்கள்.

ஒரு விஷயத்தை முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள்: அவர் உண்மையிலேயே சிப்பாயா, அல்லது மலாயா ரப்பர் தோட்டத்திலிருந்து, ஜப்பான்காரர்கள் பர்மாவுக்குப் போட்ட சயாம் ரயில் பாதைக்கு இழுத்துப் போகப்பட்ட தொழிலாளியா? அந்தப் பாதையில் செத்த தமிழர்கள் ஏராளம். ஆனால் அவர்கள் படையினர் அல்ல என்பதால் ஆணையத்தின் பட்டியலில் வர மாட்டார்கள். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் அது.

சிப்பாய்தான், ஆனால் பட்டியலில் இல்லை என்றால், பணியில் இருந்ததற்கும் இறந்ததற்கும் சான்று வைத்து ஆணையத்துக்கு விண்ணப்பிக்கலாம். சரிபார்த்துப் பெயரைச் சேர்ப்பார்கள்.

அப்புறம் திதி. பதிவில் ஒரு தேதி கிடைக்கலாம். ஆனால் காணாமல் போனவர்களுக்கு அலுவலகம் ஊகித்துப் போட்ட தேதியும் உண்டு, அதை முடிந்த முடிவாக எடுக்க வேண்டாம். நாள் தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறதே. பதிவு கிடைக்கும்வரை அம்மா காத்திருக்க வேண்டியதில்லை.